யசோதையாய் நின்ற பட்டர்பிரான்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தேவதானம், சேத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் அடியார் கூட்டம் பெருகும். மேற்கே மலைத்தொடர் உடன்வர, தோளில் குழந்தையைச் சுமந்த தந்தையரும், இடுப்பில் குழந்தையை ஏந்திய அன்னையரும் திருவாடிப்பூரத் தேரைச் சேவிக்க வருவர். தேரோடும் வீதிகளில் சொப்புச் சாமான்களும் மரப்பாச்சிகளும் ஊதல்களும் பரப்பிய கடைகளைக் கண்டதும் குழந்தைகளின் கால் நகராது. பெருமாளைச் சேவிக்க வந்தவிடத்தில் விளையாட்டென்ன என்று கடிந்து பெற்றோர் கையைப் பற்றி இழுப்பர். குழந்தை அழும், கூட்டம் நகரும்.

அவ்வாறு இழுக்கப்படும் குழந்தைக்காகப் பரிந்து பேசத்தக்க பெரியவர் ஒருவர் இவ்வூரிலேயே வாழ்ந்தார். குழந்தையின் விளையாட்டு பரம்பொருளையே பாடுவதற்கு ஏற்ற பொருள் என்று கண்டவர் அவர். ஆழ்வார்கள் பன்னிருவருள் பெரியாழ்வார் என்று போற்றப்படும் அப்பெருமானின் திருச்சரித்திரத்தை, பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்கள் அறிந்துகொள்ளத்தக்க முறையில் இம்மலரில் ஒருவாறு சொல்ல முயல்கிறோம்.

நந்தவனத்துத் தொண்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேயர் குலத்தில், ஆனி மாதத்துச் சுவாதித் திருநட்சத்திரத்தில், கருடாம்சராக அவதரித்தவர் விஷ்ணுசித்தர். தந்தையார் முகுந்தர், தாயார் பதுமையார் என்று குருபரம்பரை கூறும். வரலாற்று ஆய்வாளர் பலர் இவருடைய காலத்தைக் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் வைப்பர்.

எம்பெருமானுக்கு எத்தொண்டு உகப்பானது என்று ஆராய்ந்த விஷ்ணுசித்தர், வடமதுரையில் கண்ணபிரான் தானே தேடிச்சென்று மாலை பெற்றுச் சூடிய மாலாகாரரை நினைந்தார். பூமாலை சமர்ப்பிப்பதே தமக்குரிய கைங்கரியம் என்று துணிந்தார். நிலத்தைக் கொத்திப் பண்படுத்தி நந்தவனம் அமைத்தார். நீர் இறைத்துச் செடி வளர்த்தார். பூக்கொய்து மாலை தொடுத்து வடபத்ரசாயிக்குச் சாற்றினார். நாள் தவறாமல் செய்த தொண்டு இதுவே.

செடி வளர்ப்போர்க்குப் பொறுமை இயல்பாகவே அமையும். நேற்று நட்ட கன்று இன்று பூக்கவில்லையே என்று தோட்டக்காரர் சினப்பதில்லை. மொட்டை விரலால் பிரித்து மலர்த்த முடியாது என்பதும், நீரும் நிழலும் காவலும் தருவதே தம் கடமை என்பதும் அவர் அறிந்தவை. பின்னாளில் ஒரு குழந்தை அவருடைய கையில் வந்து சேர்ந்தபோது, இத்தோட்டத்தொழிலே அவருக்குப் பயிற்சியாக அமைந்திருந்தது எனலாம்.

பாதுகாக்கும் உள்ளம்

அக்காலத்தில் கூடல் மாநகரில் வல்லபதேவன் என்னும் பாண்டிய மன்னன் ஆண்டான். மறுமைக்கு வழிகாட்டும் பரம்பொருள் எது என்று அறிய விரும்பி, அமைச்சராகிய செல்வநம்பியின் சொற்படி, பொற்கிழி ஒன்றைக் கம்பத்தில் கட்டுவித்து வித்வான்களை அழைத்தான். வடபத்ரசாயி விஷ்ணுசித்தரின் கனவில் தோன்றி, அங்குச் சென்று பரத்துவத்தை நிலைநாட்டுமாறு நியமித்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையை உடைய தமக்கு வாதம் செய்யும் வல்லமை ஏது என்று தயங்கியபோதும், ஆணையைத் தலைமேற்கொண்டு சென்றார். வேதப்பொருளை அவர் விரித்துரைக்க, கம்பம் வளைந்து கிழி கைக்கெட்டியது. மன்னன் மகிழ்ந்து அவரை யானைமேல் ஏற்றி, பட்டர்பிரான் என்று கொண்டாடி நகர்வலம் வரச்செய்தான்.

பெற்ற பிள்ளைக்குச் சிறப்புச் செய்வதைக் காண வரும் தாய் தந்தையரைப்போல, எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் எழுந்தருளி வானத்தில் காட்சி தந்தான். அக்காட்சியைக் கண்ட விஷ்ணுசித்தர் தமக்கு வேண்டும் வரம் ஒன்றையும் கேட்கவில்லை. இத்துணை அழகும் இத்துணைப் பேர் கண்ணில் படுகின்றதே, கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சினார். உலகைக் காப்பவனுக்குத் தாம் காப்பிட முற்பட்டார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு 12 பாசுரங்களால் வாழ்த்துப் பாடினார். அதுவே திருப்பல்லாண்டு. திவ்யப்பிரபந்தம் இன்றும் அதைக்கொண்டே தொடங்குகிறது. காக்கப்படுபவன் எவன், காப்பவன் எவன் என்பதையும் மறக்கச்செய்த அப்பரிவினாலேயே அவர் பெரியாழ்வார் ஆனார்.

இவ்வுள்ளம் எவ்வகைப்பட்டது என்பதை எந்தத் தாயும் அறிவாள். மகன் வளர்ந்து பெரும்பதவியில் அமர்ந்தாலும், வாயிலைக் கடக்கும்போது கண்ணேறு கழிக்கிறாள் அல்லவா? அறிவு வேறு, பரிவு வேறு. பெரியாழ்வாரிடம் இரண்டும் நிறைந்திருந்தன. எனினும் பரிவே முந்தியது.

பருவம் அறிந்த பாட்டு

பெற்ற பொருளைக் கோயில் திருப்பணிக்கு ஆக்கிய ஆழ்வார், ஊர் திரும்பிப் பழையபடி பூத்தொண்டில் அமர்ந்தார். கண்ணனுடைய பிள்ளைப் பிராயத்தை அனுபவிக்கத் தொடங்கியபோது, யசோதையைப் பற்றிப் பாடும் புலவராக அவர் தொலைவில் நிற்கவில்லை. யசோதையாகவே ஆனார். பெரியாழ்வார் திருமொழியின் 461 பாசுரங்களில் முற்பகுதி பெரும்பாலும் ஒரு தாயின் வாய்ச்சொற்களாகவே அமைந்துள்ளது.

அப்பதிகங்களை வரிசையாக நோக்கினால், குழந்தை வளரும் படிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். முதலில் பிறந்த மகிழ்ச்சி. அடுத்து, பாதம் முதல் திருமுடி வரை ஒவ்வோர் உறுப்பையும் கண்டு, பிறரையும் காண அழைக்கும் தாயின் பெருமிதம். பின்னர்த் தொட்டிலும் தாலாட்டும். நிலவைக் கைநீட்டிக் காட்டி அதை விளையாட அழைக்கும் பருவம் ஒன்று. கைகளைத் தரையில் ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் செங்கீரை ஒன்று. கைகொட்டும் சப்பாணி ஒன்று. யானைக்கன்று சங்கிலி ஒலிக்க அசைந்து வருவதைப்போலக் கிண்கிணி ஒலிக்க அடியெடுத்து வைக்கும் தளர்நடை ஒன்று. ஓடிவந்து மார்போடு தழுவுவது ஒன்று. ஓசையின்றிப் பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்வது ஒன்று. அப்பூச்சி காட்டிப் பிறரை அச்சுறுத்தி மகிழும் குறும்பு மற்றொன்று.

இவை கூர்ந்து நோக்காதவர் சொல்லக்கூடியவை அல்ல. சிவந்த வாயில் முளைத்து வரும் வெண்பல்லைச் செவ்வானத்து இளம்பிறையாகக் காண்பதற்கு, குழந்தையின் முகத்தருகே நெடுநேரம் அமர்ந்திருக்க வேண்டும். பின்வந்த புலவர்கள் இவ்வழியைப் பின்பற்றிப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையை வளர்த்தனர். காப்புப் பருவத்தை மூன்றாம் மாதத்தில் வைத்து, செங்கீரை, தாலம், சப்பாணி என்று ஒற்றைப்படை மாதங்களில் முறைப்படுத்தி, இருபத்தோராம் மாதம் வரை பத்துப் பருவங்களை வகுத்துக் கூறும் மரபும் உண்டு. இக்காலக் குழந்தை மருத்துவரும் எம்மாதத்தில் தலை நிமிர்ந்தது, எப்போது கைகொட்டிற்று, எப்போது நடந்தது என்றே வினவுகின்றனர். குழந்தை விரல் நீட்டிச் சுட்டும் பொருளைப் பெரியவர் தாமும் நோக்கிப் பெயர் சொல்லும்போதே மொழி வேரூன்றுகிறது என்று அறிஞர் கூறுகின்றனர். அம்புலியைச் சுட்டும் குழந்தையும், அதற்கு விடையாக அம்புலியையே அழைத்துப் பேசும் தாயும் நம் தமிழில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காட்சி தந்துவிட்டனர்.

அதட்டாத உபாயம்

யசோதையாகிய ஆழ்வார் குழந்தையின் விருப்பத்துக்கெல்லாம் இசைந்து போனவர் என்று எண்ணலாகாது. வெண்ணெயும் புழுதியும் படிந்த மேனியோடு இரவு உறங்க அவர் விடுவதில்லை. எண்ணெய் முதலியன எடுத்துவைத்துக் காத்திருந்து, நீராட வா என்று அழைக்கிறார். வர மறுத்தால் அடிப்பதில்லை. அப்பமும் சிற்றுண்டியும் சமைத்து வைத்திருப்பதைச் சொல்கிறார். இக்கோலத்தில் கண்டால் நப்பின்னை சிரிப்பாளே என்று நாணமூட்டுகிறார். காது குத்தும் நாளில் வலிக்கு அஞ்சி ஓடும் பிள்ளைக்கு, நோவாமல் இடுவேன் என்று உறுதி சொல்லி, உண்ணப் பழமும் தருவதாக இசைகிறார். தலைவாரும் பொழுதில், பறந்துவரும் காக்கையையே குழல்வார அழைப்பதுபோலப் பாடி, குழந்தையின் கருத்தை அதன்பால் திருப்புகிறார்.

செய்யவேண்டிய கடமை நீராட்டம். அதற்கு வழியோ விளையாட்டு. இவ்விரண்டையும் இணைக்கத் தெரிந்ததே ஆழ்வார் காட்டும் பிள்ளை வளர்ப்பு. கடமையைக் கைவிட்டால் குழந்தை கெடும்; விளையாட்டைக் கைவிட்டால் குழந்தையின் மனம் வாடும்.

அத்தாய் தன் பிழையையும் மறைப்பதில்லை. கன்று மேய்க்கக் காட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய பின்னர், கூரிய பரற்கற்கள் நிறைந்த சுடுநிலத்தில் குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பினேனே என்று தன்னையே நொந்துகொள்கிறாள். பிள்ளைமேல் குற்றம் காணாது, அனுப்பிய தன்மேல் குற்றம் காணும் இந்நிலை பெற்றோராகிய நமக்கெல்லாம் எளிதில் வாய்ப்பதில்லை.

கோதையின் சிற்றில்

பாட்டில் தாயாக நின்ற ஆழ்வாரை எம்பெருமான் உண்மையிலும் தந்தையாக்கினான். ஓர் ஆடிப்பூர நன்னாளில், நந்தவனத்தில் துளசிச் செடியின் அருகே பெண்மகவு ஒன்றைக் கண்டெடுத்தார். கோதை என்று பெயரிட்டார். கோதை என்பது மாலைக்கும் பெயர். நாள்தோறும் தம் கையால் தொடுத்த பொருளின் பெயரையே மகளுக்கும் வைத்தார்.

சிறுமியர் விளையாட்டை ஆழ்வார் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கும் அவருடைய திருமொழியே சான்று. ஒரு பதிகத்தில் தாய் ஒருத்தி தன் சிறுமகளைப் பற்றிப் பேசுகிறாள். மகளின் உடலெல்லாம் புழுதி, பேச்சோ திருந்தவில்லை, சிற்றாடையைச் செம்மையாக உடுக்கவும் தெரியவில்லை. ஆயினும் விளையாட்டுப் பானையும் சிறு சுளகும் கையை விட்டுப் பிரிவதில்லை. வெண்மணல் கொண்டு முற்றத்தில் சிற்றில் இழைக்கத் தொடங்கினால், சங்கும் சக்கரமும் தண்டும் வாளும் வில்லுமே அவள் கையில் உருவாகின்றன. மகளுடைய உள்ளத்தில் இருப்பது எது என்பதை அவள் விளையாட்டைக் கொண்டே தாய் அறிந்துகொள்கிறாள்.

கோதை வளர்ந்து பாடிய நாச்சியார் திருமொழியிலும் அதே மணலைக் காண்கிறோம். நுண்மணலைத் தெள்ளி, நாளெல்லாம் முதுகு நோவ அமர்ந்து இழைத்த சிற்றிலைச் சிதைக்கலாகாது என்று சிறுமியர் கண்ணனை வேண்டுகின்றனர். மற்றொரு பதிகத்தில் கூடல் இழைக்கும் விளையாட்டு வருகிறது. தந்தையின் பாட்டில் மணலளைந்த சிறுமியும், மகளின் பாட்டில் சிற்றில் காக்கும் சிறுமியரும் ஒரே முற்றத்தில் விளையாடியவர்கள்போலத் தோன்றுகின்றனர். குழந்தைப் பருவத்தில் மணல்வீடு கட்டியவளே பின்னர் 30 பாசுரங்களில் திருப்பாவையையும், 143 பாசுரங்களில் நாச்சியார் திருமொழியையும் கட்டினாள். சிற்றில் வீண்போகவில்லை.

சூடிய மாலை

இனிச் சொல்லப்போவது அனைவரும் அறிந்த நிகழ்ச்சி. ஆயினும் பெற்றோர் கண்கொண்டு மீண்டும் ஒருமுறை காணத்தக்கது.

பெருமாளுக்கென்று தந்தை தொடுத்து வைத்த மாலையை, அவர் இல்லாத பொழுதில் கோதை எடுத்துத் தன் குழலில் சூடினாள். அவனுக்குத் தான் ஏற்றவளோ என்று அழகு பார்த்தாள். பின் களைந்து பழையபடி வைத்துவிட்டாள். அவள் அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணற்றைத் திருக்கோயிலில் இன்றும் சேவிக்கலாம். பல நாட்கள் இவ்வாறு நடந்தது. ஒருநாள் தந்தை கண்டுவிட்டார்.

அவர் அடைந்த கலக்கத்தை நாம் எளிதாக எண்ணலாகாது. அவருடைய வாழ்வு முழுவதும் அந்த ஒரு மாலையில் அடங்கியிருந்தது. பிறர் சூடிக் களைந்த பூ பெருமாளுக்கு ஆகாது என்பது அவர் உயிரினும் மேலாகக் காத்த நெறி. மகளைக் கடிந்துகொண்டார். அம்மாலையை நீக்கி, வேறு மாலை தொடுத்துச் சாற்றினார். அன்று சாற்றவே இல்லை என்று கூறுவாரும் உளர். மனம் நொந்து துயின்ற அவருக்குக் கனவில் எழுந்தருளிய எம்பெருமான், கோதை சூடிக் கொடுத்த மாலையே தனக்கு மணமுடையது என்றும், இனி அதையே கொணர்க என்றும் நியமித்தருளினான்.

கடிந்தது பிழையன்று, நெறியைக் கற்பிப்பது தந்தையின் கடமை. ஆனால் தாம் குற்றம் என்று கண்டது அன்பின் உச்சம் என்று தெரிந்த அந்நொடியே, கல்வியில் சிறந்த பட்டர்பிரான் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மகளைத் தம்மிலும் உயர்ந்தவளாக மதித்தார். பாண்டியன் அவையில் வித்வான்களை வென்றதினும் இது அரிய செயல். அங்கு வாதத்தை வென்றார். இங்குத் தம்மையே வென்றார். அவள் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி ஆனாள்.

நம் இல்லங்களிலும் சிறுமி அன்னையின் சேலையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். சிறுவன் தந்தையின் செருப்பில் கால்நுழைத்து நடக்கிறான். சேலை மடிப்புக் கலைந்ததென்று முதுகில் ஓர் அடி விழுகிறது. அக்குழந்தை எதை நினைந்து அதைச் செய்தது என்று கேட்டறிந்த பின்னர்க் கடிந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

பிரிவு

மணப்பருவம் எய்திய கோதை, மானிடர் எவரையும் மணப்பதற்கில்லை என்று உறுதியாக நின்றாள். தந்தை வற்புறுத்தவில்லை. திவ்யதேசத்து எம்பெருமான்களின் பெருமைகளை எடுத்துக்கூறி, அவள் உள்ளம் எவர்பால் செல்கிறது என்று அறிந்தார். அது திருவரங்கநாதனிடம் நின்றது. அரங்கன் கனவில் நியமித்தபடி, சிவிகையில் மகளை ஏற்றித் திருவரங்கம் அழைத்துச் சென்றார். கோதை திருக்கண்ணாடி போன்ற மேனியோடு சந்நிதிக்குள் நடந்து சென்று எம்பெருமானோடு கலந்தாள் என்பது குருபரம்பரை.

மகள் போயினள், தந்தை தனியே நின்றார். ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்ததும், அவளைத் திருமால் கொண்டுபோனதும் சொல்லி ஒரு தாய் இரங்கும் பாசுரம் அவருடைய திருமொழியிலேயே உள்ளது. அதைச் சேவிக்கும் அடியார் பலர் அதில் ஆழ்வாரின் சொந்தக் குரலையே கேட்கின்றனர். பரமனுக்கே மகளைக் கொடுத்த பெருமையும் அப்பாசுரத்தின் ஏக்கத்தை மாற்றவில்லை. பிள்ளைப்பருவம் மீண்டும் வராது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை. அவர் அப்பருவத்தை முழுதும் கண்டு அனுபவித்தவர். ஆகையால் ஏக்கம் இருந்தது, வருத்தத்தில் கழிவிரக்கம் இல்லை.

ஊர் திரும்பிப் பூத்தொண்டைத் தொடர்ந்த ஆழ்வார், இறுதியில் திருமாலிருஞ்சோலை சென்று அழகரின் திருவடியில் வாழ்ந்து பரமபதம் எய்தினார் என்பர்.

நாம் கொள்ளத்தக்கது

மேலைநாட்டில் ஃப்ரோபெல் என்னும் அறிஞர் விளையாட்டின் வழியே சிறுவர்க்குக் கற்பிக்கும் நிலையத்தை 1837-இல் தொடங்கி, 1840-இல் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டினார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, குழந்தையைக் கூர்ந்து நோக்கிக் கற்பிக்கும் முறையில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். நம் நாட்டில் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிகளைச் சிற்றூர்களுக்கும் கொண்டுவந்தது. விளையாடுதல் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற உடன்படிக்கை கூறுகிறது. தோட்டக்காரராகிய நம் ஆழ்வார் இவற்றையெல்லாம் கேட்டால் வியப்படைய மாட்டார்.

ஆகவே, திருவிழாவிற்கு எழுந்தருளும் அன்பர்களே, கடையின் முன் குழந்தை நின்றால் நீங்களும் ஒரு கணம் நில்லுங்கள். குனிந்து, அதன் கண் எங்கே செல்கிறது என்று பாருங்கள். கேட்டதையெல்லாம் வாங்கித்தர வேண்டுமென்பதில்லை. யசோதையும் அவ்வாறு செய்தவள் அல்லள். வீடு திரும்பியதும் ஒரு கூடை மணலும் இரண்டு கொட்டாங்கச்சியும் போதும். அதில் சிற்றில் எழும். நாளில் ஒரு நாழிகையேனும் அருகில் அமர்ந்து அதைப் பாருங்கள். அழைத்தால் சேர்ந்து விளையாடுங்கள். மிதித்துச் சிதைத்துவிடாதீர்கள்.

மார்கழியில் ஆண்டாள் தன் தந்தையின் வழிவந்த பட்டர் இல்லத்துக்கு எழுந்தருளுகிறாள். பச்சைக் காய்கறிகளும் கனிகளும் பரப்பி அவளை வரவேற்கும் வழக்கம் இவ்வூரில் உண்டு. நூற்றாண்டுகள் பல கழிந்தும் மகள் பிறந்தகத்தை மறக்கவில்லை. தன் விளையாட்டை மதித்த வீட்டைப் பிள்ளைகள் என்றும் மறப்பதில்லை.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்.
ஆண்டாள் திருவடிகளே சரணம்.